வரப்புமேட்டு விஞ்ஞானம்

டெல்டாவில் விஞ்ஞானம் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். கால் மட்டும் காய்ந்திருக்க வேண்டும். வரப்பில் நிற்கிறவர் 'விவசாயி', வயலுக்குள் இறங்கியவர் 'ஆள்'. ஓரடி உயர வித்தியாசம்தான். அறுபது வருசமாக இங்கே நடந்துவரும் ரசாயனமா இயற்கையா என்கிற விவாதம் இந்த ஓரடியை இறங்கவே இல்லை.

விவாதத்தின் இரண்டு பெரிய பெயர்களும் காவிரிக்காரர்கள். எம்.எஸ். சுவாமிநாதன் 1925இல் கும்பகோணத்தில் பிறந்தார், 2023இல் இறந்தார், மறு ஆண்டு பாரத ரத்னா கொடுத்தார்கள். நம்மாழ்வார் 1938இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தார். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, இது உதவாது என்று 1969இல் உதறிவிட்டு வெளியே வந்தார். 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் பிச்சினிக்காட்டில், மீத்தேன் எதிர்ப்புப் பிரச்சாரத்தின் நடுவிலேயே செத்துப்போனார். அந்தப் போராட்டத்தில் சேரிச் சனங்களும் நின்றார்கள். தண்ணி போனால் வரப்புக்காரனுக்கும் இல்லை, வயலுக்குள் நிற்கிறவளுக்கும் இல்லை. அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

ஆனால் இருவர் பெயரையும் வைத்துக்கொண்டு மேடைகளிலும் பத்திரிகைகளிலும் நடக்கிற சண்டையைக் கவனியுங்கள். யூரியாவா பஞ்சகவ்யமா, ஐ.ஆர். எட்டா மாப்பிள்ளைச் சம்பாவா, ஏக்கருக்கு எத்தனை மூட்டை, மண் செத்துப்போச்சா பிழைச்சிருக்கா. எல்லாம் கேட்கவேண்டிய கேள்விதான். நாற்றுமுடி சுமக்கிறவளுக்கு இதில் எது நல்லது என்று மட்டும் ஒரு தரப்பும் கேட்பதில்லை. அவள் ரெண்டு பேர் வயலிலும் நடுகிறாள். ரெண்டு வயலிலும் ஒரே கூலிதான்.

கதையை 1960இலிருந்து தொடங்கவேண்டும். ஃபோர்டு ஃபவுண்டேஷன் நிபுணர்கள் 1959இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, நாட்டிலேயே முதலில் ஏழு மாவட்டங்களைப் பொறுக்கி எடுத்துத் தீவிர வேளாண்மைத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஊரில் அதற்குப் 'பேக்கேஜ் திட்டம்' என்று பேர். தஞ்சாவூர் அந்த ஏழில் ஒன்று. ஏன் தஞ்சாவூர்? 1934இல் மேட்டூர் அணை கட்டியாச்சு, பாசனம் நிச்சயம், வண்டல் மண். தேர்வுக்கான காரணங்கள் எல்லாம் தண்ணியையும் மண்ணையும் பற்றியவை. உழைக்கிறவர்களில் பெரும்பகுதிக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது, அவர்கள் பெரும்பாலும் பள்ளரும் பறையரும் என்பது தேர்வில் ஒரு தடையாகத் தெரியவில்லை. நிலத்துக்கு ஏற்ற விதையைத் தேடினார்கள். நிலம் யாரிடம் என்பது விஞ்ஞானத்துக்கு வெளியே உள்ள விசயமாகிவிட்டது.

ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம்மூர் ஜி.இ.பி. 24ஐயும் இணைத்து உண்டாக்கிய குறுகிய கால நெல். குறுவைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. உரம் போட்டால் ஏற்றுக்கொண்டது. ஒரு போகம் சம்பா என்றிருந்த வயல்கள் குறுவை, தாளடி என்று இரண்டு போகமாயின. இதை ஒரு சாதனை என்று எழுதுவதில் எனக்குச் சங்கடம் இல்லை. நாடு கப்பலில் வரும் கோதுமைக்குக் காத்துக் கிடந்த காலம் அது. ஆனால் விளைச்சல் கூடியபோது சங்கம் வைத்திருந்த கூலிக்காரர்கள் ஒரு சாதாரணக் கணக்குக் கேட்டார்கள்: உங்களுக்கு மூட்டை கூடிச்சே, எங்களுக்கு மரக்கால் கூட வேணாமா?

இதற்குப் பதிலாகத்தான் மிராசுதார்கள் ஒரு சங்கம் கட்டினார்கள். அதன் பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். இந்தப் பெயரை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கவேண்டும். நாற்று பறித்தவள், நட்டவள், களை எடுத்தவள், அறுத்துக் கட்டிக் களத்துமேட்டுக்குச் சுமந்தவன், அடித்துத் தூற்றியவன் இவர்கள் யாரும் அதில் உறுப்பினர் இல்லை. உற்பத்தியாளர் என்பது பத்திரம் வைத்திருக்கிறவரின் பட்டமாக மாறிவிட்டது. செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்றார்கள். வெளியூரிலிருந்து அறுப்புக்கு ஆள் இறக்கினார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில், பெண்களும் குழந்தைகளும் கிழடுகளுமாக ஒரு குடிசைக்குள் ஒண்டியிருந்த 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் மிராசுதார்களை விடுவித்தது. காரும் நிலமும் உள்ள பெரிய மனுசர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லையாம். காலில் சேறு படாத விஞ்ஞானம் மாதிரியே காலில் சேறு படாத நீதியும் இருக்கிறது.

அரைப்படி நெல்லுக்காக நடந்தது என்று சொல்கிறோம். சரிதான், ஆனால் அந்த அரைப்படி எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அது புது விதையின் உபரி. பசுமைப் புரட்சியின் வரலாற்றில் வெண்மணி ஒரு அடிக்குறிப்பாகவும், வெண்மணியின் வரலாற்றில் ஏ.டி.டி. 27 ஒரு அடிக்குறிப்பாகவும் கிடக்கின்றன. ஒன்றிய உள்துறை அமைச்சகமே 1969இல் கிராமப்புறப் பதற்றங்களைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. புதிய வேளாண்மையின் லாபம் ஒரு பக்கமாகவே சேருவது கொந்தளிப்புக்கு ஒரு காரணம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். போலீஸ் இலாகாவுக்குப் புரிந்தது வேளாண் இலாகாவுக்குப் புரியவில்லை. சுவாமிநாதனே 1968 ஜனவரியில், வாரணாசி அறிவியல் மாநாட்டில், கண்மூடித்தனமாக உரமும் மருந்தும் போட்டால் என்ன ஆகும் என்று எச்சரித்திருக்கிறார். இன்றைக்கும் அவர் ஆதரவாளர்கள் எடுத்துக் காட்டுவது அதைத்தான். பெரிய தீர்க்கதரிசனம்தான், மறுக்கவில்லை. அந்த எச்சரிக்கை மண்ணையும் நீரையும் பற்றியது. அதே வருசக் கடைசியில் எரிந்தது மனுசர்கள்.

இப்போது மருந்துக்கு வருவோம். தமிழில் பூச்சிக்கொல்லிக்கு எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்: மருந்து. 'மருந்து அடிக்கப் போயிருக்கான்' என்றால் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காத்து அடிக்கிற பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கிறான் என்று அர்த்தம். பாலிடால் என்கிற வியாபாரப் பெயர் நம் மொழியில் தற்கொலைக்கே மறுபெயர் ஆகிவிட்டது. யார் அடித்தார்கள், யார் கண் எரிந்தது, யார் வாந்தி எடுத்தார்கள் என்று எழுதிவைத்த பதிவேடு எந்தச் சேரிக்கும் கிடையாது.

இன்னொன்று இருக்கிறது, அதை இயற்கை வேளாண்மைக்காரர்கள்கூடச் சரியாகச் சொல்வதில்லை. ரசாயனத்தால் மண்புழு போச்சு, தேனீ போச்சு என்பார்கள். வயல் நண்டும் நத்தையும் போனதைப் பற்றிப் பேசும்போது 'நன்மை செய்யும் உயிரினங்கள்' என்று ஒரு பட்டியலில் போட்டு முடித்துவிடுவார்கள். நமக்கு அவை குழம்பு. நிலம் இல்லாதவனுக்கு வயலில் இருந்த ஒரே சாகுபடி அதுதான்: நண்டு, நத்தை, குறவை, கெண்டை, வாய்க்காலோரத்தில் பொன்னாங்கண்ணி. என் அம்மாயி களை எடுத்துவிட்டு வந்தால் மடியில் ஆரைக்கீரை இருக்கும். வேளாண் புத்தகத்தில் அது களை, எங்கள் வீட்டில் ராத்திரிக்குக் கடைசல். காசு கொடுக்காமல் கிடைத்த புரதத்தையும் கீரையையும் ஒரு தெளிப்பானும் ஒரு பூட்டாகுளோர் டப்பாவும் எடுத்துக்கொண்டுபோயின. இந்த நட்டத்தை எந்த ஏக்கர் கணக்கிலும் கழிக்கவில்லை. மேல்சாதி நாக்குக்கு அசிங்கமான தீனி கணக்கில் வராது. ரசாயனத்துக்கு எதிரான தலித் வாதம் ஒன்று இருக்குமானால் அது இங்கிருந்துதான் தொடங்கவேண்டும், 'நஞ்சில்லா உணவு' என்ற நகரத்துக் கவலையிலிருந்து அல்ல.

அப்போ இயற்கை வேளாண்மைதான் நம்ம பக்கம் என்று வைத்துக்கொள்ளலாமா? அவசரப்படக்கூடாது.

'பாரம்பரியம்' என்று அவர்கள் சொல்லும்போது எந்தக் காலத்தைச் சொல்கிறார்கள்? பசுமைப் புரட்சிக்கு முந்தைய தஞ்சாவூரைத்தானே. அந்தத் தஞ்சாவூரில் பண்ணையாள் இருந்தான். விடியலுக்கு முன்னே வயலில் நிற்கணும். தாமதித்தால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணியைத் தண்ணியில் கரைத்து வாயில் புகட்டுவார்கள். அதற்குச் சாணிப்பால் என்று ஒரு பெயரே உண்டு. 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் சேரிகளுக்குள் வந்து சங்கம் கட்டிய பிறகுதான், அடித்தால் திருப்பி அடி என்ற பிறகுதான், அது நின்றது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. நஞ்சில்லாத அந்த நெல் இந்த உடம்புகள் விளைவித்த நெல்.

இதை வைத்துக்கொண்டு பஞ்சகவ்யத்தைப் பாருங்கள். சாணி, கோமியம், பால், தயிர், நெய். பயிருக்கு வளர்ச்சி ஊக்கி என்று கரைத்துத் தெளிக்கிறார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் இயற்கைச் சாகுபடிக் குறிப்புகளில் சேர்த்துக்கொண்டது. அதில் நுண்ணுயிர் இருக்கலாம், பயிர் தழைக்கலாம். சோதித்துப் பார்க்கவேண்டியது, சோதித்தும் இருக்கிறார்கள். என் விமர்சனம் அந்தப் பெயரோடும் அதோடு சேர்ந்து வருகிற பக்தியோடும். பஞ்சகவ்யம் தீட்டுக் கழிக்கிற சரக்கு. யார் பட்டால் தீட்டு என்று சொல்லவேண்டியதில்லை. ஒரே மாட்டின் ஒரே சாணி: அவர்கள் வாயில் போனால் சுத்திகரிப்பு, நம்ம தாத்தன் வாயில் ஊற்றினால் தண்டனை. செத்த மாட்டைத் தூக்கியவனும் மாட்டுக்கறி தின்றவனும் இந்த 'நாட்டுமாட்டுப் பொருளாதார'த்தில் எங்கே இருக்கிறான்? மாடு பயன்படும் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். வண்டியிழுத்தும் சாணி கொடுத்தும் கறியாகவும் தோலாகவும் பயன்படும் என்று முழுசாகச் சொல்லுங்கள்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. 2017இல் ஒன்றிய அரசு பஞ்சகவ்ய ஆராய்ச்சிக்கென்று தேசியக் குழு அமைத்தது. 2020இல் நாட்டுப் பசுவின் பொருள்களை ஆராய்ச்சி செய்ய விண்ணப்பங்கள் கேட்டு அறிவிப்பு வந்தபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். முடிவை முன்னாடியே வைத்துக்கொண்டு ஆதாரம் தேடுவது விஞ்ஞானமல்ல என்றார்கள். நல்ல காரியம், கைதட்டலாம். ஆனால் ஆதாரம் மட்டுமே பிரச்சினை என்றால், நாளைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டால் பசுவின் புனிதமும் நிரூபணம் ஆகிவிடுமா? பகுத்தறிவு ஆய்வுக்கூட வாசலோடு நின்றுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பாரம்பரிய நெல்லைக் காப்பாற்றியதை நான் குறைத்துப் பேசவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் 2006இலிருந்து நெல் திருவிழா நடத்தி, நூற்றி எழுபதுக்கும் மேற்பட்ட ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் 2018இல் இறக்கும்வரை அதையே வேலையாக வைத்திருந்தார். விதை கம்பெனிக்காரன் கைக்குப் போகாமல் இருப்பது நமக்கும் முக்கியம். ஆனால் அந்த மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் இன்றைக்குப் பட்டணத்துக் கடையில் என்ன விலை என்று பாருங்கள். அதை நட்டவள் வீட்டில் வேகிறது ரேஷன் அரிசி, 2011இலிருந்து இலவசமாகக் கொடுப்பது. வெள்ளை அரிசி சர்க்கரை வியாதி கொடுக்கும் என்று அவளுக்கே வகுப்பு எடுக்கிறார்கள்!

இயந்திரம் பற்றி நம்மிடம் ஒரு மரபு இருக்கிறது, அதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். அம்பேத்கர் 1945இல் காந்தியத்தை விமர்சித்து எழுதியபோது இயந்திரத்தின் பக்கம் நின்றார். ஓய்வு இல்லாத மனுசனுக்குப் பண்பாடு இல்லை, ஓய்வைத் தருவது இயந்திரம். அதன் பலனைச் சிலர் மட்டும் சுருட்டிக்கொண்டால் மாற்றவேண்டியது சமூக அமைப்பை, இயந்திரத்தைத் தூக்கி எறிவது தீர்வல்ல என்பது அவர் வாதம். பெரியாரின் 'இனிவரும் உலக'மும் இதே திசைதான். கை உழைப்பின் அழகைப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் குனியாதவர்கள். நாள் பூரா குனிந்து நடுகிறவளின் இடுப்பையும், விரலிடுக்கில் சேத்துப்புண் வெந்து ராத்திரியெல்லாம் எரிகிற காலையும் கேட்டால், நடவு மிஷின் வரட்டும் என்றுதான் சொல்லும்.

ஆனால் வந்தது எப்படி? அறுப்பு மிஷின் வந்தது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஒரு கிராமமே பத்து நாள் அறுக்கிற வயலை ரெண்டு நாளில் முடித்துவிட்டுப் போகிறது. முதுகு பிழைத்தது, வயிறு போச்சு. அறுப்புக்கூலியாக வீட்டுக்கு வந்த நெல் நின்றது. சிந்தின கதிர் பொறுக்குவது நின்றது. களத்துமேடே காணாமல்போய்விட்டது. களைக்கொல்லி வந்து களையெடுப்புக் கூலியை எடுத்துக்கொண்டது. அது முழுக்கப் பெண்களின் வேலை. அம்பேத்கர் சொன்ன ஓய்வு வரவில்லை, வேலையின்மை வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நிலவுடைமை. 2006இல் நூறு நாள் வேலை வந்து பெண்கள் கையில் கொஞ்சம் காசு புரண்டபோது, ரசாயனக்காரர் இயற்கைக்காரர் என்ற பேதமில்லாமல் வரப்புமேடு ஒரே குரலில் அழுதது: ஆள் கிடைக்கல. இப்போது மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு ஆள் வருகிறார்கள். அவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்பதும் எந்த விவாதத்திலும் இல்லை.

உலக அளவில் நடந்த ஒரு சண்டையைச் சொன்னால் நான் சொல்வது இன்னும் தெளிவாகும். 1980களில் மடகாஸ்கரில் ஹென்றி தெ லொலானியே என்கிற ஏசுசபைப் பாதிரியார் ஒரு நடவு முறையைத் தொகுத்தார். இளம் நாற்று, ஒரு குத்துக்கு ஒன்றே ஒன்று, அகலமான இடைவெளி, காயவிட்டுத் தண்ணி கட்டுவது, உருளைக் கருவியால் களையை மண்ணுக்குள் அமுக்குவது. கார்னெல் பல்கலைக்கழகத்து நார்மன் அப்ஹாஃப் இதை உலகமெல்லாம் எடுத்துப்போனார். நம்பமுடியாத விளைச்சல் என்றார்கள். 2004இல் சின்கிளேர், காஸ்மன் என்ற இரண்டு பயிரியல் விஞ்ஞானிகள் இதெல்லாம் வேளாண்மையின் பறக்கும் தட்டுகள், உறுதிசெய்யப்படாத வயல் கதைகள் என்று கேலியாக எழுதினார்கள். பத்திரிகைகள் இதற்கு நெல் யுத்தம் என்று பேர் வைத்தன. எத்தனை டன், எந்த மண், யார் அளந்தது என்று வருசக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். எத்தனை முதுகு, எவ்வளவு கூலி என்பது அந்த யுத்தத்தின் ஓரத்தில்கூட வரவில்லை.

தமிழ்நாட்டு அரசு உலக வங்கிப் பணத்தில் அதைப் பரப்பியது. தமிழில் வைத்த பெயர் திருந்திய நெல் சாகுபடி. இவ்வளவு நாள் திருந்தாமல் நட்டது யார்? பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருசம் ஆன 2010இல் அதற்கு 'ராஜராஜன் 1000' என்று இன்னொரு பெயரும் சூட்டினார்கள். அதே கோயில் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாகப் பொறித்திருப்பதைப் படித்தவர்கள்தான் சூட்டியிருப்பார்கள்.

முறை மோசமில்லை. விதை மிச்சம், தண்ணி மிச்சம். பதினாலு நாள் நாற்றை வேர் அறாமல் எடுத்து, கயிறு பிடித்து, அளந்து அளந்து வைக்கவேண்டும். முதலில் நேரம் பிடித்தது. பெண்கள் கூடுதல் கூலி கேட்டார்கள், சில இடங்களில் வரமாட்டேன் என்றார்கள். இதை ஆய்வறிக்கைகள் எப்படி எழுதின தெரியுமா? 'பரவலுக்குத் தடை: திறன் பெற்ற ஆட்கள் பற்றாக்குறை, தொழிலாளரின் ஒத்துழைப்பின்மை'. தலைமுறை தலைமுறையாக நட்ட கை ஒரே அறிக்கையில் திறனில்லாத கை ஆகிவிட்டது. கூலி கேட்டது ஒத்துழைப்பின்மை ஆகிவிட்டது. களைக்கருவி வந்ததும் பல இடங்களில் அதைத் தள்ளுகிற வேலை ஆம்பளைக்குப் போனது, ஆம்பளைக் கூலியோடு. அதே களையைக் கையால் பிடுங்கினபோது அது பொம்பளை வேலை, பொம்பளைக் கூலி.

நம்ம சனங்களின் திறமையை விஞ்ஞானம் ஒத்துக்கொண்ட இடமும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல்விட்டால் நியாயமில்லை. மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டி வயலில் எலிக்கு வைக்கிற கிட்டி. விஷம் இல்லை, செலவு இல்லை, ஒரு ராத்திரியில் வரப்பு முழுக்க வைத்துவிடலாம். வேளாண் பாடப்புத்தகங்களிலும் கண்காட்சிகளிலும் இதற்கு மதிப்பான இடம் கொடுத்து 'தஞ்சாவூர்க் கிட்டி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மாவட்டத்தின் பெயர் இருக்கிறது. கீழே 'விவசாயிகளின் பாரம்பரிய அறிவு' என்று விளக்கம். கிட்டி வைக்கிறவனுக்கு அரைக் காணி கிடையாது. விடிகாலையில் செத்த எலிகளை வாலைப் பிடித்துக் கொண்டுவந்து வரப்பில் வரிசையாகப் போடுவான். மேலே நிற்கிற விவசாயி எண்ணிப் பார்த்து, எலிக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பார்.